அண்ணியின் ஆறு கம்பிகள்

பல் மருத்துவர்களுக்கு ஜிப்சம் மாவில் பல் அச்சுகள் வார்த்துக் கொடுக்கும் கூடத்தில் என் அண்ணி பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தார். மாலையில் புருவமெல்லாம் வெள்ளையாகத் திரும்புவார். முழங்கை வரை கழுவித் துடைத்த பிறகே கிட்டாரைத் தொடுவார். அப்படியும் ஒரு தொல்லை தீரவில்லை. அவருடைய வியர்வையில் உப்பு அதிகம். புதிதாக மாட்டிய கம்பி ஒரு வாரத்துக்குள் கறுத்து, தகரத்தைத் தட்டியதுபோல் ஒலிக்கத் தொடங்கிவிடும்.

"உன் கை பட்டா கடப்பாரையே கரைஞ்சிடும்" என்பார் என் அண்ணன்.

"கரையாம நிக்கிறது நீங்க ஒருத்தர்தான்" என்பார் அண்ணி.

முதுகலைப் படிப்புக்காக அவர்கள் வீட்டில் தங்கியிருந்த நான், எதையும் குறித்து வைக்கும் வழக்கமுள்ளவள். அண்ணியின் கம்பிகளுக்கும் ஒரு நோட்டுப் போட்டேன்: மாட்டிய நாள், வகை, எத்தனை நாள் தாங்கியது. ஒன்றரை ஆண்டில் முப்பத்தொரு பதிவுகள். சாதாரண வெண்கலச் சுற்றுக் கம்பி பளிச்சென்று பேசும். ஆறே நாளில் அடங்கிவிடும். பாஸ்பரஸ் கலந்த வெண்கலத்தின் ஒலி அதைவிடக் கனிவானது. அதுவும் எட்டு நாளைத் தாண்டியதில்லை. மேலே மெல்லிய பூச்சுள்ள வகைதான் இருபத்தைந்து நாள் நின்றது. அதிலும் பருமன் குறைந்ததையே அண்ணி வாங்குவார். நாளெல்லாம் மாவு குழைத்த விரல்களுக்குத் தடித்த கம்பியை அழுத்தத் தெம்பிருக்காது. வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியையும் பருத்தித் துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைப்பார்.

மாவுத் தூசியால் அண்ணிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வேலையை மாற்றுங்கள் என்று மருத்துவர் சொல்லி ஓராண்டாகியும் வேறு வழி தென்படவில்லை. அப்போதுதான் அருகிலிருந்த தொடக்கப் பள்ளியில் இசை ஆசிரியர் இடம் காலியானது. விண்ணப்பித்தவர்கள் மூவர். அண்ணிக்குச் சோதனை வகுப்பு வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு என்று சொன்னார்கள்.

அன்று கம்பிகளுக்கு இருபத்தேழாம் நாள். வேலை நெருக்கடியில் அண்ணி மறந்துவிட்டார் என்று நானே முடிவு கட்டினேன். அவர் வருவதற்குள் மாற்றிவைத்தால் மகிழ்வார் என்று நினைத்து, ஆறு கம்பிகளையும் குறடால் நறுக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றை மாட்டினேன். கம்பி சாகும் நாளுக்கு என் நோட்டில் கட்டம் இருந்தது. புதுக் கம்பி இழுபட்டு நிலைகொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதற்குக் கட்டமே இல்லை.

அண்ணி ஒன்றரை மணிக்கு வந்து ஒருமுறை மீட்டியதும் அவர் முகம் மாறியது.

"பழைய கம்பி எங்கடி?"

"வெட்டிட்டேன் அண்ணி. இருபத்தஞ்சு நாள் தாண்டிடுச்சு. நோட்டுல பாருங்க."

"வேணும்னுதான் விட்டு வச்சேன். பழசு சுருதியில நிக்கும். புதுசு ரெண்டு நாளைக்கு இறங்கிக்கிட்டே இருக்கும்." கிட்டாரை மடியில் போட்டுக்கொண்டார். "நாத்தனார் கொடுமை, நாத்தனார் கொடுமைங்கிறாங்களே, இதுதானா அது?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு. கம்பி துருப்பிடிக்கும். அழுது முடிச்சதும் வந்து இதைப் பிடி."

ஒவ்வொரு கம்பியையும் விரலால் மெல்லத் தூக்கி இழுத்தோம். சுருதி இறங்கும், திருகி ஏற்றுவோம், மறுபடி இழுப்போம். பள்ளிக்குப் போகும் ஆட்டோவிலும் அதே வேலைதான். ஐந்து கம்பிகள் ஓரளவு படிந்தன. மூன்றாவதை நான் திருகில் ஒரு சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கவில்லை. சுற்று குறைந்தால் கம்பி நழுவும். அதை அவிழ்த்துக் கட்ட நேரமில்லை.

பள்ளியின் தாழ்வாரத்து பெஞ்சில் அமர்ந்து சன்னல் வழியே பார்த்தேன். முப்பது குழந்தைகள், கடைசி வரிசையில் தலைமையாசிரியை. இரண்டாவது பாட்டின் நடுவில் மூன்றாவது கம்பி நழுவியது. என் காதுக்கே தெரிந்தது. அண்ணி வாசிப்பதை நிறுத்தினார். அந்த வேலை என்னால்தான் போயிற்று என்று உறுதியாக நம்பினேன்.

"இந்த ஆறு பேர்ல ஒருத்தர் தூங்கிட்டார்" என்றார் அண்ணி. "யாருன்னு சொல்லுங்க பார்ப்போம்."

ஒவ்வொன்றாக மீட்டினார். மூன்றாவதில் வகுப்பே கத்தியது.

"மெதுவா எழுப்பறேன். சரியா எழுந்ததும் கை தூக்கணும்."

திருகைத் திருப்பினார். ஒரு சிறுமி அவசரமாகக் கை தூக்க, பக்கத்தில் இருந்தவள், "இறக்குடி, அவர் இன்னும் கொட்டாவி விட்டுட்டிருக்கார்!" என்றாள். கம்பி இடத்துக்கு வந்தபோது முப்பது கைகளும் எழுந்தன. பின்வரிசையில் தலைமையாசிரியையின் கையும் பாதி உயர்ந்து, நினைவு வந்ததுபோல் இறங்கியது.

வெளியே வந்ததும் தலைமையாசிரியை கேட்டார்: "கம்பி எப்போ மாத்தினீங்க?"

"இன்னிக்கு மதியம், மேடம்."

"சோதனை வகுப்பன்னிக்கா? யாராவது அப்படிப் பண்ணுவாங்களா?"

நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன். அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை. "தப்புதான் மேடம். இனி ரெண்டு நாள் முன்னாடியே மாத்திடறேன்" என்றார்.

நான்காம் நாள் நியமனக் கடிதம் வந்தது. இரண்டு மாதங்களில் இருமல் நின்றது. அதற்காக நான் மனதுக்குள் எத்தனை முறை நன்றி சொன்னேன் என்பது என் நோட்டின் எந்தப் பதிவிலும் இல்லை. பள்ளி அலமாரியில் துருப்பிடித்த கம்பிகளுடன் நான்கு கிட்டார்கள் கிடப்பதாக ஒரு நாள் மாலை அண்ணி சொன்னார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"என்ன பாக்கறே? நாளைக்கு வந்து நீதான் மாத்தணும்" என்றார். "இருபத்து நாலு கம்பி. ஒவ்வொண்ணுக்கும் மூணு சுத்து."

மறுநாள் அவருக்கு முன்பே கிளம்பி நின்றேன்.