காப்புக் கட்டிய கையும் பின் புல்லரும்

லாரிப் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்பிரிங் பட்டையை லாரிச் சட்டத்தோடு கோத்திருக்கும் ஷேக்கிள் பின் கழன்று வரவில்லை என்றால் சம்மட்டியைத் தூக்காதீர்கள். ஒருத்தர் தூக்கியதால் என் கல்யாணமே நின்றிருக்கும்.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் லாரிகள் கரி கேஸில் ஓடின. எனக்குப் பூந்தமல்லியில் ஒரு ஷெட்டில் வேலை. ஸ்பிரிங் கட்டு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. பெண் தனம், திருமழிசைக்காரி. அவள் அப்பா முனுசாமிக்கு என்னைக் கண்டாலே ஆகாது. "நெலம் நீச்சு கீறவன் எத்தினியோ பேரு கீறான். இந்தாளு கைல எப்ப பாரு கரி" என்று பரிசம் போட்ட அன்றே என் காதுபடச் சொன்னவர்.

கல்யாணத்தன்று காலை பெண் வீட்டார் லாரியில் வரவேண்டும். முகூர்த்தம் நெருங்கியும் காணோம். சைக்கிளில் ஒருவர் மூச்சிரைக்க வந்தார்.

"பருத்திப்பட்டாண்ட லாரி குந்திகிச்சிபா. மெயின் பட்டை ஒட்ஞ்சி பூட்ச்சி. டைவரு பின்ன சம்மட்டியால அட்சிகினே கீறாரு."

துள்ளி எழுந்தேன். முகூர்த்தத்துக்காகவா, அந்தப் பின்னுக்காகவா என்று இன்றைக்கும் தெரியாது. டூல் பையைச் சைக்கிள் கேரியரில் கட்டினேன். அத்தை குறுக்கே வந்து நின்றாள்.

"காப்பு கட்ன கையோட ஊரு எல்லைய தாண்டுவியா? அடுக்குமாடா?"

"பொண்ணே எல்லைக்கு அந்தாண்ட கீது அத்தே. நான் போவலன்னா இங்க ஆரு கய்த்துல தாலி கட்றது?"

போய்ப் பார்த்தால், டிரைவர் எத்திராஜ் ஜாக்கி ஏற்றி, யு போல்ட்டைக் கழற்றி, புதுப் பட்டையையும் தயாராக வைத்திருந்தார். பின்தான் வரவில்லை. அடித்து அடித்து அதன் முனை காளான் மாதிரி விரிந்து கிடந்தது. விரிந்த முனை ஓட்டைக்குள் எப்படி நுழையும்? வழி நெடுகக் கரி கேஸ் டிரம்முக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த என் மாமனாருக்கு முகம் முழுக்கக் கரி. பல் மட்டும்தான் வெள்ளை. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு!

"நேரம் போவுதுய்யா! நீயும் ரெண்டு போடு போடு!" என்று கத்தினார்.

"இது அட்ச்சா வராது மாமா. இஸ்த்தாதான் வரும்."

விரிந்த முனையை அரத்தால் ராவினேன். மறுமுனையில் கிரீஸ் நிப்பிளைக் கழற்றி, அந்த மரையில், பின்னை இழுத்தெடுக்கும் புல்லரின் திருகை ஏற்றி ஸ்பேனரால் முறுக்கினேன். முதலில் அசையவில்லை. இன்னும் ஒரு முறுக்கு. டொக்! பல் பிடுங்கின மாதிரி பின் கையோடு வந்தது.

எத்திராஜ் சந்தோஷத்தில், பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

"கைய எடு அண்ணாத்தே! சி கிளாம்ப் போடாம கயட்னா பட்டைங்கோ துள்ளி வெரலு பூடும்!"

கிளாம்பை இறுக்கிப் பட்டையை மாற்றினோம். லாரி கிளம்பியதும் உள்ளே போட்ட கூச்சலில் பருத்திப்பட்டே வாசலுக்கு வந்தது. என்னையும் சைக்கிளையும் சேர்த்தே தூக்கி மேலே போட்டுக்கொண்டார்கள்.

பந்தலுக்கு வந்து சேர்ந்தபோது முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கையில் கிரீஸ் அப்பியிருந்தது. தண்ணீரில் போகுமா? மண்ணெண்ணெய் வேண்டும். ஐயரோ நேரம் ஆகிறது என்று தாலியை நீட்டினார். மஞ்சள் கயிற்றைத் தொடக் கூசி நின்றேன். தனம் தலை நிமிராமல் மெல்லச் சொன்னாள்:

"கட்டுங்க. எங்க நைனா மூஞ்ச வுடவா கரி?"

நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற முனுசாமி காதிலும் அது விழுந்தது. துண்டால் முகத்தைத் துடைத்தார், துண்டைப் பார்த்தார், அவரும் சிரித்துவிட்டார்.

"கட்டு மாப்ள" என்றார். அதுவரை அந்த மனிதர் என்னை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

கட்டினேன். கயிற்றில் என் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ லாரிக்கு அடியில் படுத்து எழுந்துவிட்டேன். நான் வேலைக்குக் கிளம்பும்போது தனம் சோறு எடுத்துக்கொண்டேனா என்று கேட்டதே கிடையாது.

"புல்லர எட்துகினியா?" என்றுதான் கேட்பாள்.