சுண்ணாம்பு பொத்த இடம்

தேனியில் நடந்த புற்றுநோய் பரிசோதனை முகாமில் செவிலியர் என் வாய்க்குள் டார்ச் அடித்தார். கன்னத்தின் உள்பக்கம் அந்த வெளிச்சம் நின்றதும் எங்கள் ஓடைப்பட்டி வீடு ஞாபகம் வந்தது.

அப்பாவின் அக்கா, என் அத்தை, எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் இடது கன்னத்தில் அடக்கியிருப்பாள். திராட்சைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகும் நீள டார்ச்சை அடித்து அப்பா ஒருநாள் அவள் வாய்க்குள் பார்த்தார்.

"வெள்ளையா ஒரு திட்டு இருக்குக்கா. மச்சான் பாத்தாகளா?"

"அவுக எம் மூஞ்சியவே பாக்குறதில்ல, வாய்க்குள்ளயா பாக்கப் போறாக? சுண்ணாம்பு பொத்துருக்கும்லே. நல்லெண்ணெய் வச்சுக் கொப்பளிச்சாச் சரியாப் போகும்."

எல்லோரும் சிரித்தோம். வெற்றிலை போடுகிற வாயில் சுண்ணாம்பு சுட்டுத் தோல் பொத்துப்போவது எங்கள் தெருவில் சாதாரணம். அத்தைக்கு வலியும் இல்லை. அடுத்த திராட்சை வெட்டின்போது குழம்பில் மிளகாயைக் குறைத்தாள். அதற்கடுத்த வெட்டுக்குள் வெற்றிலையை நான்காகக் கிழித்து, பல்லிடுக்கில் நுழைக்க வேண்டியிருந்தது. மறுபடி அப்பா டார்ச்சை எடுத்து வந்தபோது வெளிச்சம் போகுமளவுக்கு அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

"வெத்தலை போடுவீங்களா?" செவிலியர் கேட்டார்.

"சாப்பிட்ட பிறகு மட்டும்."

"திரும்பத் திறங்க." டார்ச் முன்பு நின்ற இடத்திலேயே வந்து நின்றது. "இங்கன வெள்ளையா இருக்கே, வலிக்குதா?"

வலிக்கவில்லை. அவர் விரலை எடுத்ததும் சொன்னேன்.

"சுண்ணாம்பு பொத்துருக்கும்."

அவர் டார்ச்சை அணைக்காமலே திரும்பி டாக்டரைக் கூப்பிட்டார்.