காதைத் தொட்ட கை

கம்பைநல்லூர்ப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில் அந்தக் காலத்தில் யாரும் பிறந்த தேதியைக் கேட்டதில்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று கணக்கு. ஜூன் மாதத்தில் ஏதாவது ஒரு தேதியை எழுதிக்கொள்வார். எங்கள் வகுப்பு முழுக்க ஜூனில் பிறந்தவர்கள்தான். நான் மூன்று வயதிலேயே தொட்டுவிட்டேனாம். ஆகவே காகிதத்தில் எனக்கு இரண்டு வயது கூடுதல்.

எழுபதுகளின் தொடக்கத்தில், பட்டப்படிப்பை முடித்த கையோடு, பெங்களூரில் ஒரு விமானப் பயிற்சி நிலையத்துக்கு விண்ணப்பம் போட்டேன். கட்டணச் சலுகையில் சில இடங்கள் இருந்தன. அதுவரை நான் ஏறிய உயரம் புளியமரம்தான். விண்ணப்பம் தபாலில் போன மறுநாளே ஊர் என்னைப் பைலட்டு ஆக்கிவிட்டது. முதலில் மாணவர் லைசென்ஸ், பிறகு ஆசிரியரோடு பறக்க வேண்டும், பிறகு தனியாக, பரீட்சை வேறு இருக்கிறது, அதற்கப்புறம்தான் அசல் லைசென்ஸ் என்று விளக்கிப் பார்த்தேன். யார் கேட்டார்கள்?

“ஏரியிலதான் தண்ணி இல்லீங்களே, அங்கயே எறக்கிடுங்க தம்பி” என்றார் டீக்கடைக்காரர். முந்தின நாள்வரை என்னை வாடா போடா என்றவர்.

மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணைப் பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களைப் படிக்கச் சொன்னார்கள். என் பழுப்புப் பல்லைப் பார்த்த டாக்டர், புகையிலை போடுவாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி என்றேன். நம்பாவிட்டாலும் தகுதி என்று எழுதிவிட்டார்.

மாட்டிக்கொண்டது வயதில். பள்ளிச் சான்றிதழ்படி வயது வரம்பை நான்கு மாதம் தாண்டியிருந்தேன். ஓடோடி ஊருக்கு வந்து, பங்குச் சாமியாரிடம் ஞானஸ்நானச் சான்று வாங்கிக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன். அதில் உண்மையான தேதி இருந்தது. தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவர் அதைப் பயபக்தியோடு படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“மோட்சத்துக்குப் போக இது செல்லும் தம்பி. ப்ளேன்ல போக ஸ்கூல் சர்டிபிகேட்தான்.”

ஓய்வு பெற்றிருந்த தலைமையாசிரியரைத் தேடிப் போய், தவறாக எழுதிவிட்டதாக ஒரு கடிதம் கேட்டேன்.

“கை எட்டிச்சே! என் கண்ணால பாத்துதானே எழுதனேன்?” என்று சீறினார். அவருடைய நேர்மையை நான் சந்தேகித்துவிட்டேனாம்.

இடம் போனது. தேம்பித் தேம்பி அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பிறகு ஆசிரியர் பயிற்சிக்குப் போய் வாத்தியார் ஆனேன். ஊரில் என் பெயர் பைலட்டு வாத்தியார்.

சில வருடம் கழித்து, நானும் அப்பாவும் கொல்லையில் கடலைக்காய் பிடுங்கிக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. அப்பா அண்ணாந்து பார்த்தார். அது மறைந்ததும் கையிலிருந்த செடியின் மண்ணை உதறினார்.

“அன்னிக்கி உன் கை எட்டவே இல்லடா. வாத்தியாரு கண்ணாடியத் தொடச்சிக்கிட்டிருந்தாரு. நாந்தான் பின்னால நின்னு காத மேல இழுத்து உட்டேன்.”

“எதுக்குப்பா?”

“நானும் உங்கம்மாவும் காட்டுக்குப் போயிட்டா நீ கெணத்தண்டயே போயிப் போயி நிப்ப. சொவுரு இல்லாத கெணறு. உழுந்துடுவியோன்னு பயம்.”

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அப்பா என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.