வலிப்பு மாத்திரையை மாற்றிய கதை

மருந்து கம்பெனி ரெப்பாக இருந்த வருடங்களில் அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை என் ஏரியா. கழுத்தில் டை, தோளில் சாம்பிள் மருந்துகள் அடைத்த பை. வெயில் காலத்தில் அந்த டையைப் போல ஒரு சனியன் கிடையாது.

திருமுல்லைவாயிலில் ஒரு டாக்டர். எங்கள் புது வலிப்பு மாத்திரையை எழுதுவதாக ஒப்புக்கொண்டு, கம்பெனி செலவில் குடும்பத்தோடு பாங்காக் போய்வந்தவர். காகிதத்தில் அதற்குக் கருத்தரங்கு என்று பெயர். திரும்பி வந்து இரண்டு மாதமாகியும் ஒரு சீட்டில்கூட அதை எழுதவில்லை. அதனால் ஒரு சாயங்காலம் என் மேனேஜரே என்னோடு வந்தார். உட்கார்ந்ததும், "ட்ரிப் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா டாக்டர்?" என்று சிரித்தார். வேறெதுவும் கேட்கவில்லை.

டாக்டர் மணியை அடித்து, வெளியே காத்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைகளுக்கு அயர்ன் போடுகிறவள். சின்ன வயதிலிருந்தே வலிப்பு.

"இனிமே புது மாத்திரை. பழச தூக்கிப் போட்டுடு."

"பழசே நல்லா கேக்குது சார். ரெண்டு வருசமா ஒரு தபாகூட வரல."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்றவர் என்னைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

நான் பளபளப்பான அட்டையைப் பிரித்துக் காட்டினேன். "பழசு எலும்ப அரிச்சிடும்க்கா. இதுல அந்தப் பயமே இல்ல." எலும்பு விஷயம் பாதி உண்மை. அதை எப்படிச் சொன்னால் ஒருவர் பயப்படுவார் என்பதைத்தான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவள் பயந்தாள். இரண்டு அட்டை சாம்பிளை அவள் கையில் வைத்தேன். "நல்லா இருப்ப சார் நீ" என்றாள்.

அடுத்த மாதம் கிளினிக் படிக்கட்டில் என்னை மறித்தாள்.

"சார், மெடிக்கல்ல வெலய கேட்டா தல சுத்துது. இன்னும் ரெண்டு அட்ட இருந்தா குடேன். வேல செய்ற எடத்துல எனக்கு ஃபிட்ஸ் கீறது தெரியாது. வந்துச்சுனா வேலய விட்டுத் தூக்கிடுவாங்க."

பையில் பத்துப் பன்னிரண்டு அட்டைகள் இருந்தன. ஆனால் சாம்பிள் என்பது புது ஆளைப் பிடிக்க. பிடித்த ஆளுக்குக் கொடுக்கக்கூடாது என்பது மேனேஜரின் உத்தரவு.

"தீந்துபோச்சுக்கா."

அவள் புடைத்திருந்த பையைப் பார்த்தாள். "பரவால்ல சார்" என்று இறங்கிப் போனாள்.

மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கத் தொடங்கியிருக்கிறாள். மூன்றாவது வாரம் வேலையில் நிற்கும்போதே வலிப்பு வந்து, வலது உள்ளங்கை சூடான அயர்ன் பெட்டியில் பதிந்துவிட்டது. யாரோ இழுத்துவிடும்வரை அப்படியே இருந்ததாம். மறுநாளே கம்பெனியில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு அவள் டாக்டரிடம் வந்த அன்று நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு திறந்தே கிடந்தது.

"ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிடணும்னு உனக்கு யாரு சொன்னது? அறிவு இருக்கா உனக்கு?"

அவள் தலைகுனிந்து நின்றாள். நான் போனை எடுத்து எதையோ படிப்பதுபோல் பாவனை செய்தேன். வெளியே வந்தவள், போகிற போக்கில் எனக்கு வணக்கம் வைத்தாள், இடது கையால்.

மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். "மாத்திரைய அவ வாய்லேந்து நீயா புடுங்குன? டாக்டர் இப்பதான் எழுத ஆரம்பிச்சிருக்காரு, போய்க் கெடுத்துடாத" என்றார். நான் கெடுக்கவில்லை. அந்தக் காலாண்டில் விற்பனையில் என் ஏரியாதான் முதலிடம். ஓட்டல் மேடையில் கேடயம் கொடுத்து, மாலை போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லிப் பயனில்லை.

ஒரு வருடம் கழித்து ஆவடி பஸ் ஸ்டாண்டில் அவளே என்னை அடையாளம் கண்டு வந்தாள். பழைய மாத்திரைக்கே திரும்பிவிட்டாளாம், வலிப்பு வருவதில்லையாம். வீட்டு வேலைக்குப் போகிறாள். வலது கை விரல்கள் உள்நோக்கி மடங்கியிருந்தன. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"சார், இந்தக் கை மரத்துப் போய் எரியுது. உங்க கம்பெனில இதுக்கு எதுனா மாத்திரை கீதா?"

இருந்தது. ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவள் அதை மடித்து பர்ஸில் வைத்துக்கொள்வதற்குள் என் பஸ் வந்துவிட்டது.