பாடப்பெட்டியில் ஒரு கால்

பதுளைக்கு வந்த பிறகு, காலையில் திருநீறு பூசியதும் நான் செய்கிற முதல் வேலை, யாரோ ஒருவருடைய எலும்புகளைத் துணியால் துடைத்து வைப்பதுதான். ஊரில் இருப்பவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இங்கே ஒரு டாக்டர் துரை, கொழும்பில் வைத்தியம் படிக்கிறவர்களுக்கென்று தம் பங்களாவில் பாடம் தயாரிக்கிறார். தோட்டத்து மருந்துக்காரர்களை வைத்து அதைச் சோதித்துப் பார்க்கிறார். பாதிப் பேருக்குப் படத்தைக் காட்டிப் பாடம்; பாதிப் பேருக்கு எலும்பைக் கையில் கொடுத்துப் பாடம். எது மனத்தில் நிற்கிறது என்று அறிய வேண்டுமாம். நாலாம் வகுப்புப் படித்த நான், துரை சொல்வதைத் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்.

சரஸ்வதி பூசையன்று புத்தகங்களோடு எலும்புப் பெட்டியையும் வைத்தேன். அதுவும் கல்விக்கான கருவிதானே என்று நினைத்துவிட்டேன். ஒவ்வோர் எலும்பாகச் சந்தனம் வைத்து வந்தபோது, அதுவரை துணிவழியே மட்டும் தொட்டிருந்த இடது முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் வெறும் விரல் நின்றுவிட்டது. நடுவில் ஒரு புடைப்பு. அதற்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு வளைவு. என் விரலுக்கு அந்த இடம் தெரிந்திருந்தது.

மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்த நாளில், எங்கள் ஊர்க் கருப்பையா பள்ளத்தில் விழுந்து காலை முறித்துக்கொண்டான். இரண்டு குச்சிகளை வைத்து என் தலைப்பாகைத் துணியால் கட்டியவன் நான். எலும்பு கோணலாகத்தான் கூடியது. "அண்ணே, நீ கட்டுன கட்டுல காலு ஊர்ப்பக்கமே திரும்பிக்கிச்சு பாரு! நான் செத்தா அது இஷ்டப்படி காவேரியில கொண்டுபோய்ச் சேத்துடு" என்று சிரிப்பான். பிறகு அவனை லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

உலகத்தில் கால் முறிந்தவன் அவன் ஒருவன்தானா என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மறுவாரம் பரீட்சை. எதையும் பார்க்காமல் கால் எலும்பை வரையச் சொன்னார் துரை. படத்தில் படித்தவர்கள் நேராக வரைந்தார்கள். எலும்பைத் தொட்டுப் படித்த ஆறு பேரும், தனித்தனியே உட்கார்ந்து, அதே புடைப்பையும் அதே வளைவையும் வரைந்திருந்தார்கள். தாள்களை வரிசையாக வைத்தேன். ஆறு கருப்பையாக்கள் ஒரே பக்கம் திரும்பி நடப்பதுபோல் இருந்தது.

"ஏங்க, மனுசன் காலு இப்படித்தானே இருக்கும்?" என்றார் ஒரு மருந்துக்காரர், தம் காலையே தடவிப் பார்த்தபடி.

பொறுக்க முடியவில்லை. "தொரைங்களே, இது என்கூட வந்த ஆளுங்க. எரிச்சுக் காரியம் பண்ணணுங்க. மொத்தத்தையும் குடுத்துடுங்க" என்றேன்.

நான் பேய்க்குப் பயப்படுகிறேன் என்று துரை எண்ணிக்கொண்டார். தோளைத் தட்டி, "பயம் வேணாம். பேய் இல்லே. அந்த ஒண்ணு பாடத்தைக் கெடுக்குது, நீ தூக்கி வீசு. மத்தது எல்லாம் நல்லது. கொழும்பு போகும்" என்றார்.

கிடைத்த ஒன்றைத் துண்டில் பொதிந்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய், கதிர்காமத்தானை வேண்டி எரித்தேன். தோட்டத்துக்கு ஆள் கூட்டிவர ஊருக்குப் போன கங்காணியிடம் சாம்பலைக் கொடுத்தனுப்பினேன். காவேரியில் கரைத்ததாக அவரிடமிருந்து கடிதம் வந்தது.

பெட்டியில் இப்போது தச்சன் செய்த நேரான மர எலும்பு இருக்கிறது. அதைத் தொட்டுப் படித்த புது ஆட்களும் போன வாரம் வரைந்தார்கள். ஒருவர் தாளில் மட்டும் அதே புடைப்பு, அதே வளைவு. துரையிடம் காட்டாமல், வீட்டில் சுவாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். தை பிறந்ததும் பெட்டி கொழும்புக்குப் போகிறது. அவனுடைய ஒரு கால் ஊர்போய்ச் சேர்ந்துவிட்டது. மற்றதெல்லாம் இந்தச் சீமையில் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறது.