நைனாவுக்கு வாங்கிய வண்டி

நைனாவுக்கு வலது முட்டி மடங்காது. சிங்கவரத்திலிருந்து செஞ்சி பஜாருக்கு இனி அவரால் சைக்கிள் மிதிக்க முடியாது என்றுதான் எலக்ட்ரிக் வண்டி வாங்கப் போனோம். கடைப் படி உயரம். அவரை வெயிலிலேயே நிற்க வைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன்.

கடையில் இருந்த பெண் தாழ்வான, கனமில்லாத ஒரு வண்டியைக் காட்டினாள். "ஓட்டப்போறவர உட்கார வச்சுப் பாருங்கண்ணா. ரெண்டு காலும் தரையில ஊனணும்."

"அவருக்கு இன்னா தெரியும்?" என்றேன். அந்தக் குட்டி வண்டியில் அவர் போனால் ஊரில் என்னைத்தானே கஞ்சன் என்பார்கள்? உயரமான கறுப்பு வண்டியில் நானே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். அதையே வாங்கினேன்.

கோயில் வாசலில் பூசை போட்டு, சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். பழத்தை நசுக்க நைனாவை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

"கால் எட்டலடா" என்றார்.

"எல்லாரும் பாக்கறாங்க. ஓட்டு நைனா" என்று பல்லைக் கடித்தேன்.

பழம் நசுங்கியது. வண்டியை நிறுத்தி இடது காலை ஊன்றப் பார்த்தார். எட்டவில்லை. அப்படியே சாய்ந்தார், வண்டி அந்தக் காலின்மேல் விழுந்தது.

நான் ஓடிப்போய் வண்டியை நிமிர்த்தினேன். கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். நைனாவைப் பூசாரிதான் தூக்கினார்.

நன்றாக இருந்த காலும் அன்றோடு போனது. நைனா இப்போது வாசலைத் தாண்டுவதில்லை. வண்டியை நான்தான் ஓட்டுகிறேன். எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல இருக்கிறது.