டேப்பில் வராத லிஸ்ட்

கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் டேப்பில் நகல் எடுத்து வைக்கும் பேக்கப் வேலை எப்படிப்பட்டது என்றால், ஒழுங்காகச் செய்கிறவரை நீங்கள் ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. எண்பதுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் நான் அதைத்தான் செய்தேன். இதே வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

யார் பெயர் மேலே?

எங்கள் மெஷினில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லிஸ்ட் உண்டு. அதில் பெயர் இருப்பவர்தான் ஃபைலைத் திறக்கலாம். வருகைப் பதிவு ஃபைலுக்கு இரண்டே பெயர்: தினமும் அதை அடிக்கும் டைம் ஆபீஸ் ஏழுமலை, அடுத்தது பர்சனல் மேனேஜர் வரதராஜன். ஒருநாள் அந்த லிஸ்ட் மேனேஜர் கண்ணில் பட்டுவிட்டது. வரிசை எப்படி இருந்தாலும் இரண்டு பேருக்கும் திறக்கும் என்றேன். நான் திருத்தி முடிக்கும்வரை பின்னாலேயே நின்றார்.

"பிக்னிக் நோட்டீஸ்லகூட என் பேர்தான்யா முதல்ல. டெம்பரவரி ஆளுக்குக் கீழ என்னை எதுக்குப் போட்டே?"

உதிர்ந்த பெயர்

ஒரு திங்கட்கிழமை டிஸ்க் படுத்துவிட்டது. டேப்பிலிருந்து எல்லா ஃபைலையும் திரும்பக் கொண்டுவந்தேன். ஒன்றுகூடக் குறையவில்லை. பெருமையாக டீ குடிக்கப் போனேன். நகல் எடுக்கும்போது கட்டளையில் இன்னொரு வார்த்தை சேர்த்தால்தான், யார் திறக்கலாம் என்ற லிஸ்டும் கூடவே டேப்பில் ஏறும். நான் அதைச் சேர்க்கவேயில்லை. மேனேஜரின் ரகசிய ஃபைல் உட்பட எல்லாம் எல்லோருக்கும் திறந்து கிடந்தது.

அந்த வருஷம் யாரையெல்லாம் பர்மனென்ட் ஆக்குவது என்பது அந்த ரகசிய ஃபைலில்தான் இருந்தது. ஏழுமலைக்குப் பென்னலூர். மூன்று வருஷமாக டெம்பரவரி. ஆர்டர் வந்தால்தான் கல்யாணத் தேதி என்று குன்றத்தூரில் பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தார். அவர் பெயர் அதில் இல்லை. டேப்பிலும் தேடினேன், அங்கேயும் இல்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"சார், டேப்புல இருந்து எடுக்கசொல்ல எம்பேரு எங்கனா உதுந்து பூட்ச்சா? இன்னொருவாட்டி நல்லாப் பாரு சார்."

மேனேஜர் அறையில்

என் தப்பை நானே ஒப்புக்கொள்ளலாம் என்று மேனேஜரிடம் போனேன். "சார், டேப்புலேர்ந்து லிஸ்ட் வரலை" என்று ஆரம்பித்தேன். அவருக்குத் தெரிந்த லிஸ்ட் வேறு. "பர்மனென்ட் லிஸ்டா? யார் பேர் விட்டுப்போச்சு?" என்றார். அது இல்லை சார், இது வேறே லிஸ்ட் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வெளியே வந்தது "ஏழுமலை சார்" மட்டும்தான்.

அவர் கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்தார். யார் பெயரை எழுதினோம் என்பதே நினைவில்லை என்று ஒரு ஆபரேட்டரிடம் சொல்லிக்கொள்கிற மனிதர் இல்லை அவர்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குய்யா, நான் போட்டிருந்தேன். உன் மெஷின்தான் முழுங்கியிருக்கு. ஒழுங்கா சேர்த்துடு, போ."

இல்லாத ஒன்றையும் திரும்பக் கொண்டுவந்த பேக்கப், என் சர்வீஸிலேயே அது ஒன்றுதான்.